பெயர்களைப் படியெடுத்தல்



சங்கரன்கோவில் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்ச் சேலை வணிகர் ஒருவர், கரைக்கும் முந்தானைக்கும் உரிய வடிவங்களைக் கணிப்பொறியில் வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக்கி, யாவற்றையும் ஒரே கோப்புறையில் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கோப்புகளின் பெயர்களையெல்லாம் ஓர் அணியில் நிரப்பித் தருமாறு, சி மொழி பயிலும் தம் மகளிடம் கேட்கிறார். எளிய வேலைதான், ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு.

சி மொழியை 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். அம்மொழியின் தர நூலகத்தில் கோப்புறையைப் படிக்கும் வழி இல்லை. யூனிக்ஸ் வழிவந்த இயக்க முறைமைகளே அதற்கு மூன்று செயற்கூறுகளை அளிக்கின்றன. ‘ஓப்பன்டிர்’ கோப்புறையைத் திறக்கும், ‘ரீட்டிர்’ அழைக்குந்தோறும் ஒரு பெயரை எடுத்துத் தரும், ‘குளோஸ்டிர்’ மூடும். அக்கோப்புறையையே குறிக்கும் ஒற்றைப் புள்ளியும், அதன் மேலுள்ள கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் பெயர்களோடு பெயர்களாக வரும். அவற்றை விலக்கிவிட வேண்டும்.

அணிக்கு எத்தனை இடம் ஒதுக்குவது? தறியில் ஏற்றும் பாவின் நீளம் முன்னரே தெரியும். கோப்புறையோ ஆடித்தபசுக் கூட்டத்தைப் போன்றது. வந்து முடியும்வரை எண்ணிக்கை தெரியாது. ஆதலின் சிறிய அணியில் தொடங்கி, அது நிரம்புந்தோறும் ‘ரீஅலாக்’ கொண்டு இருமடங்காக்குதல் நன்று.

இனி நுட்பத்துக்கு வருவோம். ரீட்டிர் தருவது பெயர் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டு மட்டுமே. அவ்விடம் நமக்குச் சொந்தமன்று. அடுத்த அழைப்பில் அங்கேயே வேறொரு பெயர் எழுதப்படலாம். கோப்புறையை மூடியபின் அவ்விடத்தை நாம் நாடவே கூடாது. கரும்பலகையில் எழுதியதைப் படியெடுக்காமல், “பலகையைப் பார்க்க” என்று மட்டும் ஏட்டில் குறித்துக்கொள்ளும் மாணவனின் நிலை அது. பலகையை அழித்தபின் அவன் ஏட்டினால் என்ன பயன்?

இப்பிழை ஒளிந்திருக்க வல்லது. லினக்ஸில் பல பெயர்கள் ஒருசேர ஓரிடத்தில் வந்து தங்குவதால், பத்துக் கோப்புகளை வைத்துச் சோதித்தால் யாவும் செம்மையாகவே தோன்றலாம். ஆயிரக்கணக்கில் பெருகும்போது முன்னர்ச் சேர்த்த பெயர்கள் சிதையும். வணிகர் ஒரு வடிவத்தைக் கேட்க, தறிக்கு வேறொன்று போய்ச் சேரும்.

எனவே ஒவ்வொரு பெயரையும் தனியிடத்தில் படியெடுத்தே அணியில் வைக்க வேண்டும். அவ்விடத்தின் அளவையும் கருத வேண்டும். ‘சங்கரன்கோவில்’ என்னும் சொல்லில் 8 எழுத்துகள் உள்ளன. யுனிகோடு முறையில் அவை 13 குறிகள். யுடிஎஃப்-8 வடிவில் ஒரு குறிக்கு 3 பைட் வீதம் 39 பைட். இறுதியில் நிற்கும் சுழியையும் கூட்டினால் 40. எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கினால் பெயர் கொள்ளாது. ‘ஸ்ட்ர்டப்’ என்னும் செயற்கூறு பைட்டுகளைத் தானே அளந்து, இடம் பெற்றுப் படியெடுத்துத் தரும். வேலை முடிந்ததும் ஒவ்வோரிடத்தையும் ‘ஃப்ரீ’ கொண்டு விடுவித்தல் நம் கடமை.

இரவல் இடத்தில் இருக்கும் பெயரை நம்பி ஒரு பட்டியலை எழுப்பலாகாது. படியெடுத்த பெயரே நமக்கு உரியது.