சுகமும் நீதியும்: வாலிபர் முன்னுள்ள வேலை

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சுகாதாரம், நீதி, மனித உரிமை ஆகிய துறைகளில் வாலிபர் ஆற்றக்கூடிய பணி யாது என்பதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி விழாக் குழுவினர் பணித்திருக்கின்றார்கள். மூன்றும் மூன்று தனித் தலைப்புகள் போலத் தோன்றும். முந்தலிலே வாழும் எமக்கு அவை ஒன்றேதான் என்பதைக் காட்டவே இன்று முயலப்போகிறோம்.

எமது சங்கம் செய்துவரும் தொண்டுகளை இச்சபை அறியும். திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப்பந்தல் வைக்கிறோம். அன்னதானத்துக்கு அரிசி சேர்க்கிறோம். அப்பரடிகள் உழவாரப்படை ஏந்திய வழியிலே கோயில் வீதியைச் செதுக்கித் துப்புரவு செய்கிறோம். இவை யாவும் நல்ல காரியங்கள், இவற்றை விட்டுவிடலாகாது. ஆனால் வீதியைச் செதுக்கிவிட்டுத் திரும்பும்போது, அந்த வீதியின் கடைசிக் குடிசையிலே மூன்று நாளாகக் காய்ச்சலோடு கிடக்கும் கிழவியை யார் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவது? போனால், அங்கே அவளுக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்று யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு எமது நிகழ்ச்சி நிரலிலே இதுவரை இடமிருக்கவில்லை.

பெரியோர் சிலர் தம் தாய் தகப்பன் வாயிலாகக் கேட்டிருக்கக்கூடிய ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் வற்றின. ஆறு நிறைந்து ஓடினால் நுளம்புக்கு இடமில்லை. அது குட்டை குட்டையாய்த் தேங்கி நின்றால், வெயில் படும் அந்தத் தெளிந்த நீரிலேதான் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு முட்டையிடும். ஒக்டோபர் கழிய, குருநாகல், கேகாலைப் பகுதிகளிலே வீட்டுக்கு வீடு காய்ச்சல். 1935ஆம் ஆண்டின் முற்பகுதி முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அன்று இலங்கையின் சனத்தொகையே ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டதுதான். இறந்தவரிற் பெரும் பங்கினர் குழந்தைகள். எமது கரையோர வறள் நிலத்திலே இக்காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. ஆகையால் சனங்களின் உடம்பு ஓரளவு பழகியிருந்தது. மேலே ஈரவலயத்திலோ அந்தப் பழக்கமும் இல்லை.

அது மட்டுமா? 1929க்குப் பின் உலகெங்கும் வந்த வியாபார மந்தத்தினால் தேங்காய், கொப்பரா விலை வீழ்ந்து கிடந்தது. தென்னந்தோட்டத்திற் கூலிக்குப் போனவனுக்கு வேலையில்லை. வயலோ மழையின்றிக் காய்ந்துவிட்டது. அரைவயிற்றுக்கும் இல்லாத உடம்பிலே காய்ச்சல் வந்து ஏறியது. நுளம்பு பணக்காரனையும் கடித்தது, ஏழையையும் கடித்தது. காய்ச்சலில் மாண்டவர்களோ பெரும்பாலும் பசித்தவர்கள். கொயினா மருந்து கொடுத்தார்கள். வெறும் வயிற்றிலே அந்த மருந்து என்ன செய்யும்?

அந்த வேளையிலே கொழும்பிலிருந்து சில வாலிபர் புறப்பட்டு வந்தார்கள். அவர்கள் சூரிய மல் இயக்கத்தினர். சூரிய மல் என்பது வேறொன்றுமல்ல, எமது வேலியோரத்துப் பூவரசம்பூத்தான். ஆண்டுதோறும் நவம்பர் 11ஆந் திகதி பொப்பிப்பூ விற்றுப் பிரித்தானியப் படைவீரரின் நிதிக்குப் பணம் அனுப்பிய காலத்திலே, அதற்கு மாற்றாகப் பூவரசம்பூ விற்கத் தொடங்கிய இயக்கம் அது. காய்ச்சல் பரவியதும் அந்த இளைஞர் பூ விற்பதோடு நின்றுவிடாமல் கிராமங்களுக்குட் புகுந்தார்கள். எஸ். ஏ. விக்கிரமசிங்க வைத்தியர், என். எம். பெரேரா பொருளாதாரம் படித்தவர். படித்தவர் என்ன செய்தார்? பருப்பு மூடை சுமந்து வீடு வீடாகக் கொடுத்தார். சனங்கள் அவருக்குப் "பருப்பு மகாத்தயா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவர் இந்நாட்டின் நிதி மந்திரியானார். அவருடைய அரசியற் கொள்கையோடு இச்சபையிலுள்ள பலருக்கு உடன்பாடு இராது, எமக்கும் எல்லாவற்றிலும் உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பருப்பைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. காய்ச்சலுக்கு மருந்து கேட்ட ஊரிலே, முதலிற் கொடுக்கவேண்டியது உணவு என்பதை அவர்கள் கண்ணாற் கண்டு தெரிந்துகொண்டார்கள். அதோடு, ஏன் இந்தச் சனங்களுக்கு உணவில்லை என்ற கேள்வியையும் எழுப்பினார்கள். அக்கேள்வி கேட்டவுடனே சுகாதாரம் நீதியாகிவிடுகிறது.

கதை அங்கே முடியவில்லை. 1946 முதல் வீடுகளுக்கு டி.டி.ரி. மருந்து தெளித்தார்கள். காய்ச்சல் ஒடுங்கியது. 1963ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர்தான்! "ஒழிந்தது சனியன்" என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். இரத்தம் பார்ப்பதிலும் கவனம் குறைந்தது. 1969இலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஆறே ஆண்டு! மறுபடியும் தொடக்கத்திலிருந்து பாடுபட்டு, யுத்த காலத்திலும் விடாது வேலை செய்து, 2012ஆம் ஆண்டு ஒக்டோபருக்குப் பின் உள்ளூரிலே தொற்றிய நோயாளர் இல்லை என்ற நிலையை அடைந்தார்கள். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா நீங்கிய நாடு என்று சான்று வழங்கியது. பெரிய நாடுகளுக்குக் கிட்டாத பெருமை இது. இதற்காக ஊர் ஊராய்ச் சைக்கிளிற் போய் விரல் நுனியிற் குத்தி இரத்தம் எடுத்த உத்தியோகத்தரின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் காணமாட்டீர்கள்.

இதிலே எமது சங்கத்து அடியார்களுக்குச் சொந்தமான பங்கு ஒன்று உண்டு. எம்மவர் இந்தியாவுக்குத் தலயாத்திரை போய் வருகிறார்கள். அங்கே மலேரியா இன்னும் இருக்கிறது. யாத்திரைக்கு முன் மலேரியாத் தடை இயக்கத்தாரிடம் சொன்னால் தடுப்பு மருந்து இலவசமாகத் தருவார்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், "பயணக் களைப்பு" என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு இராமல், "இந்தியா போய் வந்தேன், இரத்தம் பாருங்கள்" என்று வைத்தியரிடம் சொல்லவேண்டும். அந்த ஒரு வசனம் போதும். எமக்கு வடக்கே, மன்னாரிலே, 2016ஆம் ஆண்டின் இறுதியிற் புதிய நுளம்பினம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும் சாதி. உவர்நீரிற் பெருகும் இனமும் வேறே உண்டு. 1980களிலே எமது களப்போரம் முழுதும் இறாற் பண்ணை வெட்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தபின் கைவிட்ட குளங்கள் எத்தனை? யாத்திரைக் குழுவின் தலைவர் திருநீற்றுப் பையோடு இந்தச் செய்தியையும் எடுத்துச் செல்லவேண்டும்.

இனி, உரிமை என்ற சொல்லுக்கு வருவோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரியோர் சிலர் முகம் சுளிப்பதை அறிவோம். "பிள்ளைகள் அரசியல் பேசத் தொடங்கிவிட்டார்கள்" என்பார்கள். ஐயா, நாம் பேசப்போவது காகிதம்பற்றி.

ஒரு தாய்க்குக் கடிதம் வருகிறது. சிங்களத்திலே எழுதியிருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அயலிலே தெரிந்தவர் வரும்வரை அதைக் கூரை இறப்பிலே செருகி வைக்கிறாள். வாசித்துப் பார்த்தபோது, போகவேண்டிய திகதி கடந்துவிட்டது. இப்படி நடவாத தெரு எமது பக்கத்தில் உண்டா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சிங்களத்திலே நிருவாகம் நடக்கும் பகுதியிலும், ஒருவர் தமிழிலே எழுதித் தமிழிலேயே மறுமொழி பெற உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்லுகிறது. இது யாரும் எமக்குத் தந்த பிச்சையல்ல, நாட்டின் மூலச் சட்டம். ஆனால் கேட்பாரில்லாத உரிமை, திறவாத பெட்டிக்குள் இருக்கும் பட்டு வேட்டி. கேட்கும்போது சண்டைக்குப் போவதுபோற் கேட்கவேண்டியதில்லை. பல இடங்களிலே தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் போதாது. மேசைக்குப் பின்னால் இருப்பவரும் எம்மைப்போற் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். மரியாதையாக, எழுத்திலே, பிரதி வைத்துக்கொண்டு கேட்கவேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு நல்ல கருவி. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. தமிழிலே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயாற் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும் என்பது சட்டம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். உயிருக்கும் தனியாள் சுதந்திரத்துக்கும் சம்பந்தப்பட்ட விடயமானால் 48 மணித்தியாலத்துக்குள் மறுமொழி சொல்லவேண்டும். எமது கிணற்று நீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், முடிவு என்ன என்று கேட்டு ஒரு தாள் எழுதினால், அதுவே சுகாதாரத் தொண்டு.

தாள் என்ன செய்துவிடும் என்று கேட்பவருக்குச் சுன்னாகத்தைக் காட்டுகிறோம். மின் நிலையத்துக் கழிவெண்ணெய் ஊர்க் கிணறுகளிற் கலந்ததுபற்றிய அடிப்படை உரிமை வழக்கிலே, 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம், கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலே நீரைப் பரிசோதித்த அறிக்கைகள் பேசின. புத்தளத்து இளைஞரோ 2018இல், கொழும்புக் குப்பையை அருவக்காலுக்குக் கொண்டுவரலாகாது என்று சமயம் பாராது கூடிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரில் 14ஆந் திகதி, எமது புத்தாண்டு நாளிலே, சரிந்து 32 உயிரைக் குடித்ததை அவர்கள் மறக்கவில்லை. ஆயினும் 2019இலே குப்பை வந்துதான் சேர்ந்தது. அவர்கள் தோற்றார்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எமக்கு நீதிமன்றமும் தாளும் தெருவும் மூன்றும் வேண்டியிருக்கின்றன.

நீதிமன்றத்துக்குப் போவதென்றால் காலக்கெடு உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துள் மனுச் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது. ஆணைக்குழுவுக்கு முறையிடப் பணம் வேண்டியதில்லை. வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. "பார்ப்போம், தைப்பொங்கல் கழியட்டும்" என்று ஆறப்போட்டவர்களே எம்மிற் பெரும்பாலோர்.

இன்னொன்றையும் இந்த மேடையிற் சொல்லாமல் இறங்க மனமில்லை. 1990 ஒக்டோபரிலே வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாலே வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலே கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் எமது புத்தளம் மாவட்டத்திலே வந்து ஒதுங்கினார்கள். பேசுவது தமிழ், துரத்தியவர்கள் பேசியதும் தமிழ். எமது கிணறும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலை வரிசையும் அன்றுதொட்டு இருவருக்கும் பொதுவாயின. நெருக்கடி வந்தது, மனத்தாங்கலும் வந்தது, மறைப்பானேன்? ஆனால் தமிழர் சிறுபான்மையாய் வாழும் ஊரிலிருந்து உரிமை பேசும் நாம், தமிழின் பேரால் வீடிழந்தவரைக் கண்டு வாய் மூடியிருந்தால், எமது பேச்சுக்கு என்ன மதிப்பு? சங்கம் இந்து வாலிபருடையது. அதன் வாசலிற் கடிதத்தோடு வந்து நிற்பவரின் பெயரைக் கேட்ட பின் பேனாவை மூடலாகாது.

உள்ளேயும் ஒரு நோட்டம் விடவேண்டும். எமது செயற்குழுவிலே பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? கோலம் போடவும் பூக்கட்டவும் கூப்பிடுகிறோம்; கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறோமா? வைத்தியசாலையிலே ஒரு தாய் தன் நோவைச் சொல்ல, பக்கத்திலே நிற்க ஒரு பெண்பிள்ளைதான் வேண்டும். மீசை முளைத்த தொண்டர் பத்துப்பேர் நின்றும் பயனில்லை.

ஆகவே செயற்குழு ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை தொடக்கம், காலைப் பூசை முடிந்து பதினொரு மணிவரை, வாசிகசாலையிலே ஒரு மேசை போடப்படும். சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த இருவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெண். கடிதம் வாசித்துச் சொல்வார்கள், விண்ணப்பம் எழுதித் தருவார்கள், பிரதி எடுத்துக் கொப்பியிலே திகதியோடு பதிவார்கள். கிளினிக்குக்குத் துணை வேண்டுவோர் முதல்நாட் பின்னேரமே பெயர் கொடுக்கவேண்டும். ஒருவரின் வருத்தத்தையும் வழக்கையும் மேசைக்கு வெளியே பேசுபவர் அன்றைக்கே விலக்கப்படுவார். பிரதி எடுக்கும் செலவுக்கு உண்டியல் வைக்கப்படும். ஆனால் கடிதத்தோடு வருபவரிடம் ஒரு சதமும் வாங்கப்படமாட்டாது. கடதாசிக் கட்டு இரண்டை இன்றைக்கே ஒரு பெரியவர் வாங்கித் தந்துவிட்டார். பேனாவும் சைக்கிளும் உள்ள வாலிபர்கள், கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.