ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு



ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடலூர் முதுநகர்ப் பக்கம் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் வரும். ராத்திரி முழுக்க மழையும் உப்புக்காற்றும் அடித்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கும். துடைத்து உலர்த்தினால் தீர்ந்துவிடும் காரியம்தான். ஆனால் அவசரத்தில் நான்கு பிளக் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால், எந்த வயர் மூடியின் எந்தக் குழிக்கு என்ற கேள்வி வந்து நிற்கும்.

சிதம்பரம் வரைக்கும் போய்த் தேடினாலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் இன்று குறைவு. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 மே மாதத்தில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் விடை எங்கேயும் தொலையவில்லை. அது எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. நாம் கேட்கத் தெரிந்துகொண்டால் போதும்.

அம்பாசிடரில் பல காலம் ஓடியது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் நம்பர். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் இதன் கிராங்கில் ஒன்றும் நான்கும் சேர்ந்தே மேலே வரும், இரண்டும் மூன்றும் சேர்ந்தே கீழே போகும். இரட்டை வாளி போட்ட கிணற்று ராட்டினம் மாதிரி, இந்த ஜோடி ஏறினால் அந்த ஜோடி இறங்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நான்கு சிலிண்டரும் ஒவ்வொரு முறை வெடிக்க வேண்டும். அதாவது அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு.

இனி யோசித்துப் பாருங்கள். ஒன்று வெடித்துக் கீழே இறங்கினால், அடுத்து மேலே வந்திருப்பது இரண்டும் மூன்றும்தான். அவற்றுள் ஏதாவது ஒன்று வெடிக்கும். அதற்கடுத்து நான்கு. கடைசியில் மிச்சமிருப்பது. ஆக மொத்தம் இரண்டே வழிதான்: 1-3-4-2, இல்லையென்றால் 1-2-4-3. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வெடிக்க இந்தக் கிராங்க் விடாது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். மனப்பாடம் செய்ய வேண்டியதாகத் தோன்றும் ஒரு விஷயம், கொஞ்சம் யோசித்தால் இரண்டே வழியாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த இரண்டில் எது என்று வால்வு சொல்லும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள், நான்கு பிளக்கையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் லேசாகச் சுற்றும். ராக்கர் கவரைத் தூக்கினால் எட்டு வால்வு வரிசையாக நிற்கும். முன்னாலிருந்து எண்ணினால் 2, 3, 6, 7 ஆகிய நான்கும் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகிற வால்வுகள். மற்றவை புகை வெளியேறுபவை. முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் கிராங்க் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் இரண்டாவது வால்வு அமுங்கும், பிறகு ஆறாவது, பிறகு ஏழாவது, பிறகு மூன்றாவது. சிலிண்டர்க் கணக்கில் அது ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. உறிஞ்சுகிற வரிசையில்தான் வெடிக்கவும் செய்யும். அம்பாசிடருக்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது தொடங்குகிற இடம். ஒன்றாம் பிஸ்டன் உச்சிக்கு வருவது மட்டும் போதாது. புகையைத் தள்ளிவிட்டு வரும்போதும் அது உச்சிக்குத்தான் வரும். நமக்கு வேண்டியது காற்றை அழுத்தி வருகிற உச்சி. ஒன்றாம் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்தால் காற்று விரலைத் தள்ளும். இன்னும் உறுதி வேண்டுமா, நான்காம் சிலிண்டரைப் பாருங்கள். அதன் ஒரு வால்வு மூடிக்கொண்டே வர, மற்றது திறக்கத் தொடங்கும். அந்த நேரம் ஒன்று அழுத்தத்தின் உச்சியில் இருக்கிறது. இப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் மூடியின் எந்தக் குழியைக் காட்டுகிறதோ, அதுவே ஒன்றாம் வயரின் இடம்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். அம்பாசிடரில் ரோட்டார், மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். வயர்களையும் அதே திசையில் 1-3-4-2 என்று செருக வேண்டும். திசையை மாற்றிச் செருகினால் ஒன்றும் நான்கும் சரியாகவே இருக்கும். இரண்டும் மூன்றும் மட்டும் இடம் மாறிப் போகும். உறிஞ்சும் வால்வு திறக்கத் தொடங்கும் நேரத்தில் அங்கே தீப்பொறி விழுவதால், எஞ்சின் உதறும், கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கும். உடனே கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. அது ஒரு பாவமும் அறியாது.

எல்லாப் பழைய காருக்கும் இதே வரிசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ இரண்டும் 1-2-4-3. பழைய பெஜோ கார்களில் ஒன்றாம் நம்பர் ஃப்ளைவீல் பக்கம் இருக்கும். ஆனால் 1-3-4-2 வரிசையை எந்த முனையிலிருந்து எண்ணினாலும் அதே வரிசைதான் வரும், காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

மூவாயிரம் சுற்றில் ஓடும்போது இந்த எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 6000 தீப்பொறி வேண்டும், அதாவது நொடிக்கு 100. அத்தனையும் டிஸ்ட்ரிபியூட்டரின் அந்தச் சின்ன மூடிக்குள்ளிருந்தே பிரிந்து போகின்றன. அதனால் மழைக்காலத்தில் மூடியை உலர்ந்த துணியால் துடையுங்கள், உள்ளே முடிபோல ஓடும் கறுப்புக் கோடு தெரிந்தால் மூடியையே மாற்றுங்கள். வயர் புதிதாகப் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைச் செருகிவிட்டு, பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.