விளையாட்டுக் கணினிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு பிற்பகல், பாடசாலை விட்ட பின்னர், தாயொருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவன். தாயின் கையிலே கணினிக் கடையொன்று எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு இருந்தது.

"ஐயா, இவன் கணினி கேட்கிறான். விளையாடுவதற்கென்றே கேட்கிறான், அதை ஒளிக்கவில்லை. மூன்று வருடம் கட்டிய சீட்டுக் காசு இப்போது கைக்கு வந்திருக்கிறது. வாங்கித் தருவதாகச் சொல்லியும் விட்டேன். ஆனால் இதிலே எது தேவை, எது வீண் என்று எனக்கு விளங்கவில்லை" என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'நினைவகம் 64 கிகாபைற்று' என்பது தடித்த எழுத்திலே முதலாவதாக நின்றது. அதற்குக் கீழே, வரைவியல் அட்டை என்ற இடத்தில், பழையதும் மலிவானதுமான ஒன்றின் பெயர். மின்சாரம் நின்றால் கணினியைச் சில நிமிடம் தாங்கும் மின்கலப் பெட்டி சீட்டிலே அடியோடு இல்லை. "ஏன் தம்பி, 64?" என்று கேட்டேன். "கூடக் கூட வேகமும் கூடும்தானே, சேர்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

நான் கலைப் பட்டதாரி. கணினிப் பொறியியல் கற்றவனல்லன். பாடசாலைக் கணினி அறையொன்றைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்ததிலே, கொஞ்சம் காசைக் கரியாக்கியும் கற்றுக்கொண்டவை இவை.

நினைவகம் என்று நாம் இங்கே சொல்வது, கடைக்காரர் 'ராம்' என்று சொல்லும் பொருள். படங்களும் பாட்டுகளும் விளையாட்டுகளும் நிலையாகத் தங்கியிருக்கும் வன்தட்டு வேறு, இது வேறு. வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். அலுமாரியில் நூல்கள் அடுக்கியிருக்கின்றன. ஆசிரியர் அன்றைய பாடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கரும்பலகையிலே எழுதுகிறார். மாணவர் பலகையைப் பார்த்தே கணக்குச் செய்கின்றனர். மணி அடித்ததும் பலகை துடைக்கப்படுகிறது. அலுமாரி அப்படியே இருக்கிறது. வன்தட்டு அலுமாரி, நினைவகம் கரும்பலகை. மின்சாரம் நின்ற கணத்தில் பலகை வெறுமையாகிவிடும்.

இந்தப் பலகைக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. 1966ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியியலாளர் றொபேட் டெனாட் என்பவர், ஒரு திரான்சிஸ்டரையும் ஒரு மின்தேக்கியையும் கொண்டே ஒரு பிற்றைச் சேமிக்கும் முறையைக் கண்டார். 1968இல் அதற்கான உரிமப் பத்திரம் கிடைத்தது. இன்று நாம் வாங்கும் நினைவகமெல்லாம் அந்தக் கருத்தின் வழிவந்தவையே. ஆயின் மின்தேக்கியில் நிரப்பிய மின்னேற்றம் கசிந்துவிடும். ஆதலின் எழுதியது மறைவதற்கு முன்னரே மீண்டும் மீண்டும் அதனை எழுதவேண்டும். நான்காம் தலைமுறை நினைவகத்தில் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை பலகை முழுவதும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. ஆவியாகும் மையினால் எழுதிக்கொண்டு, அதன்மேலேயே விடாது கையோட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பையனின் வாக்கியத்துக்கு வருவோம். பலகை சிறிதாக இருந்தால் என்ன நேரும்? ஆசிரியர் கணக்கின் பின்பாதியை எழுதுவதற்கு முன்பாதியை அழிக்கவேண்டும். முன்பாதி மறுபடியும் தேவைப்பட்டால் அலுமாரிக்கு நடந்து சென்று நூலை எடுத்துவந்து மீண்டும் எழுதவேண்டும். வகுப்பு அதுவரை கைகட்டி நிற்கும். விளையாட்டிலே படம் திடீரென்று திக்கித் திக்கி நகர்வதும், ஓடிக்கொண்டிருக்கும் வீரன் ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிடுவதும் பல வேளைகளில் இதனாலேதான். அத்தகைய கணினிக்கு நினைவகத்தைக் கூட்டினால் வேகம் கூடியதுபோலத் தோன்றும். உண்மையில் தடை நீங்குகிறது, அவ்வளவே. கணக்கு முழுவதும் அடங்கும் அளவுக்குப் பலகை கிடைத்துவிட்டபின், அதனைச் சுவர் முழுவதும் நீட்டினாலும் மாணவன் விரைவாகக் கணக்குச் செய்யப்போவதில்லை. மிச்சம் வெறும் பலகையாகவே கிடக்கும். ஆகவே பையன் சொன்னது ஓர் எல்லை வரைக்கும் மெய். அவ்வெல்லைக்கு அப்பால் அது கடைக்காரனுக்கு மட்டுமே மெய்.

அவ்வெல்லை எது என்பதே கேள்வி. அது காலத்தோடு நகர்ந்து வந்திருக்கின்றது. 1977இல் வெளிவந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டியின் நினைவகம் 128 பைற்று. இத்தனை சிறிய இடத்தில் விளையாட்டுகளை அமைத்தவர்களை எண்ணினால், வெண்பா இலக்கணத்துக்குள் நின்று கதை சொன்ன புலவர்களே என் நினைவுக்கு வருகின்றனர். 1993இல் உலகத்து இளைஞரையெல்லாம் மயக்கிய 'டூம்' என்னும் விளையாட்டுக்கு 4 மெகாபைற்றுப் போதுமாயிருந்தது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் நான்காம் பெட்டியில் 8 கிகாபைற்று. 2020இல் வந்த ஐந்தாம் பெட்டியில் 16. இவ்விரண்டிலும் படம் வரைவதற்குரிய நினைவகமும் அதற்குள்ளேயே அடக்கம்.

இனி, கணினி விளையாட்டுகளை ஆக்குவோர் தாமே அறிவித்திருக்கும் அளவுகளைப் பார்ப்போம். 'வலரன்ட்' என்னும் சுடும் விளையாட்டுக்கு 4 கிகாபைற்றே குறைந்த அளவு. 2023இல் வந்த இரண்டாம் 'கவுன்டர் ஸ்ரைக்'குக்கு 8. 2015இல் கணினிக்கு வெளியான ஐந்தாம் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ'வுக்குக் குறைந்தது 4, நன்றாக ஓட 8. 2023இல் வந்த 'ஹொக்வாட்ஸ் லெகசி'யோ குறைந்த அளவாகவே 16 கேட்கிறது. 'சைபர்பங்க் 2077' என்பது 2020இல் வெளிவந்தபோது 8 போதும் என்று சொல்லப்பட்டது; 2023இல் அதனை விரிவாக்கியபோது அதே விளையாட்டின் குறைந்த அளவு 12 ஆக உயர்ந்தது. விமானம் ஓட்டும் விளையாட்டொன்றை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2024இல் வெளியிட்டது. அதற்குக் குறைந்தது 16, விரும்பத்தக்கது 32, மிகச் சிறந்தது 64 என்பது அவர்கள் கணக்கு. நம் பையனின் 64 எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் விமானம் ஓட்டுபவனல்லன். அவன் விளையாடுவது என்ன என்று கேட்டேன். வலரன்ட், ஐந்தாம் கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ, ஒரு கிரிக்கெட் விளையாட்டு என்றான்.

'குறைந்த அளவு' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டு திறந்துகொள்ளும் என்பதே அதன் பொருள். சுகமாக ஓடும் என்பதன்று. மேலும் கணினியிலே விளையாட்டு மட்டும் தனித்திருப்பதில்லை. விண்டோஸ் 11 என்னும் இயக்க முறைமைக்கே 4 கிகாபைற்றுக் குறைந்த அளவாக வகுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் இணைய உலாவியில் பத்துப் பக்கம், நண்பரோடு பேசுவதற்கொரு செயலி, ஒரு மூலையிலே பாட்டு. இவையெல்லாம் அதே பலகையிலேதான் இடம் பிடிக்கின்றன. இக்காரணத்தால், இன்று புதிதாக வாங்கும் விளையாட்டுக் கணினிக்கு 8 கிகாபைற்றை நான் எவருக்கும் சொல்லமாட்டேன். 16 என்பது நியாயமான தொடக்கம். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளை விரும்புவோரும், விளையாடிக்கொண்டே அதனைக் காணொளியாகப் பதிவுசெய்வோரும் 32க்குப் போகலாம். அதற்கு மேலே போகவேண்டியவர்கள் எதற்காகப் போகிறோம் என்பதைத் தாமே அறிந்திருப்பர். என்னிடம் கேட்க வரமாட்டார்கள்.

ஏற்கெனவே கணினி வைத்திருப்போர் பிறரைக் கேட்கவும் வேண்டியதில்லை. வழக்கமாக விளையாடும் விளையாட்டை அரைமணி நேரம் விளையாடுங்கள். பின்னர் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். திறக்கும் பலகத்திலே நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது தெரியும். அது எப்போதும் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் கூட்டுவதிலே பயனுண்டு. பாதியளவிலே நின்றும் விளையாட்டுத் திக்குமானால், குற்றம் வேறெங்கோ இருக்கிறது.

பெரும்பாலும் அது வரைவியல் அட்டையிலேயே இருக்கும். அந்த அட்டைக்கெனத் தனி நினைவகம் உண்டு. திரையிலே காணும் மரமும் மதிலும் முகமும் அங்கேதான் தங்குகின்றன. கணினியின் நினைவகத்தைக் கூட்டுவதனால் அட்டையின் நினைவகம் கூடாது. தனி அட்டையில்லாக் கணினிகளோ கதை வேறு. அவை படம் வரைவதற்கும் பொது நினைவகத்திலிருந்தே பங்கு எடுத்துக்கொள்கின்றன. அத்தகைய கணினியில் 8 என்று எழுதியிருந்தால் உங்கள் கைக்கு எட்டுவது அதனிலும் குறைவே.

இன்னொன்று, நினைவகத்தை ஒரே துண்டாக வாங்குவதா, இரண்டாக வாங்குவதா என்பது. மத்திய முறைவழி அலகுக்கும் நினைவகத்துக்கும் இடையே பொதுவாக இரண்டு பாதைகள் உண்டு. 16 கிகாபைற்றுத் துண்டு ஒன்றைப் போட்டால் ஒரு பாதையே வேலை செய்யும்; எட்டெட்டாக இரண்டைப் போட்டால் இரண்டும் வேலை செய்யும். 3200 என்று குறிக்கப்பட்ட நான்காம் தலைமுறை நினைவகத்தில் ஒரு பாதை செக்கனுக்கு 25.6 கிகாபைற்றைக் கொண்டுசெல்லவல்லது; இரண்டு பாதைகள் 51.2. கடைக்காரர் கேட்காமல் இதைச் சொல்வது அரிது. வாங்கிய வேகம் தானாகக் கிடைத்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். கணினியின் அடிப்படை அமைப்பிலே எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற தெரிவை இயக்கினாலன்றி, பல நினைவகத் துண்டுகள் தமக்குரிய முழு வேகத்தில் ஓடா. வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னர் கடையிலேயே அதைச் செய்வித்துக்கொள்வது நன்று.

தலைமுறை என்று சொன்னேன். இங்கேதான் நான் சூடுபட்டேன். முன்னர் பணியாற்றிய பாடசாலையொன்றில், கணினி அறையின் பழைய கணினிகளுக்கு நினைவகம் கூட்டலாம் என்று எண்ணி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பணத்தில் பத்துத் துண்டுகள் வாங்கினேன். அவை நான்காம் தலைமுறை. எம் கணினிகளோ மூன்றாம் தலைமுறை. துண்டின் அடிவிளிம்பிலே உள்ள சிறு வெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறிடத்தில் அமைந்திருக்கிறது. தவறான துண்டு பொருந்தவே பொருந்தாது. உறை பிரித்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்று கடையில் மறுத்துவிட்டனர். அடுத்த கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையில் எழுந்து நின்று அந்தக் கணக்கை நான் வாசித்த நிமிடங்களை இன்றும் மறக்கவில்லை. இன்னும் கேளுங்கள்: பொருந்தியிருந்தாலும் பெரும்பயன் இருந்திராது. அக்கணினிகளில் இருந்தது 32 பிற்று இயக்க முறைமை. 32 பிற்றுகளால் சுட்டக்கூடிய முகவரிகள் 4,294,967,296. அதாவது 4 கிகாபைற்று. அவற்றிலே ஏற்கெனவே அவ்வளவு இருந்தது. 2021 முதல் மேசைக் கணினிகளுக்கு ஐந்தாம் தலைமுறையும் வந்துவிட்டது. அதற்கும் நான்காம் தலைமுறைக்கும் இடையிலும் இதே பகைதான். தாய்ப்பலகை எத்தலைமுறைக்கு உரியது என்று முதலில் கேளுங்கள். பின்னர் துண்டை வாங்குங்கள்.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என்றால், "கொஞ்சக் காசுதானே, 32 ஆகவே போட்டுவிடு" என்று சொல்லியிருப்பேன். 2025இன் பிற்பகுதியில் நிலை மாறியது. செயற்கை நுண்ணறிவுக்கெனப் பெருங் கணினிக் கூடங்கள் உலகெங்கும் எழ, நினைவகம் ஆக்கும் நிறுவனங்கள் அவற்றுக்கே முதலிடம் கொடுத்தன. பொதுமக்கள் வாங்கும் துண்டுகளின் விலை ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், 'குருஷல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்பதையே கைவிடப்போவதாக அறிவித்தது. இத்தகைய காலத்தில் வெறும் பலகைக்குக் காசு கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன். மேசைக் கணினியில் பின்னர் கூட்டிக்கொள்ள வழியுண்டு. நான்கு செருகுவாய் உள்ள தாய்ப்பலகையில் இரண்டை வெறுமையாக விட்டுவைக்கலாம். கலப்புத் துண்டுகள் சிலபோது ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுக்கும் என்பதும் உண்மையே. ஆதலின் கூட்டும்போது அதே வகையைத் தேடவேண்டும். மடிக்கணினி வாங்குவோர் மட்டும் இந்த ஆறுதலில் இருந்துவிடக் கூடாது. பல மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டே வருகிறது. வாங்கிய அளவே அதன் ஆயுள் அளவு. அங்கே ஒரு படி கூட வாங்குவதுதான் சரி.

இவற்றையெல்லாம் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் சொல்லி முடிக்க மாலையாகிவிட்டது. பையனுக்கு உள்ளூர மனத்தாங்கல். நண்பர்களிடம் 64 என்று சொல்லிவிட்டானாம். தாய்க்கு வேறொரு கவலை. "குறைத்து வாங்கிக் கொடுத்தேன் என்று பிறகு நினைப்பானோ, ஐயா?" என்று, அவன் வெளியே தண்ணீர் குடிக்கப் போன வேளையில் தாழ்ந்த குரலிற் கேட்டார். அவன் திரும்பி வந்ததும் சீட்டையும் பேனாவையும் அவனிடமே கொடுத்தேன். சிறிது நேரம் யோசித்தான். 64ஐ வெட்டினான். எட்டு எட்டாக இரண்டு என்று எழுதினான். வரைவியல் அட்டையின் பெயரை வெட்டி, 8 கிகாபைற்றுத் தன்னினைவகம் கொண்ட வேறொன்றை, பெயரும் இலக்கமும் பிசகாமல், நினைவிலிருந்தே எழுதினான். தாய் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியிலே இருந்த வெற்றிடத்தில், தானாகவே, மின்கலப் பெட்டி ஒன்று என்றும் சேர்த்துவிட்டு, "கூட்டிப் பார்ப்போமா, அம்மா?" என்றான்.