ஆட்டிசம் உடைய பெரியவர்களின் சுயவாழ்வும் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆட்டிசம் எனப்படும் மதி இறுக்கத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், அது குழந்தைகளைப் பற்றியதாகவே இருக்கிறது. அக்குழந்தைகளும் வளர்ந்து இருபது, முப்பது, நாற்பது வயதை அடைகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். ஆனால் அவர்களைப் பெற்றவர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி அதுதான்: "நாங்கள் மௌத்தான பின் இவனை யார் பார்ப்பார்கள்?"

ஆட்டிசம் தொற்றுநோயன்று, சாபமன்று, ஜின் தீண்டியதுமன்று. மூளையின் வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு அது. சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் பேசவே மாட்டார்கள். அன்றாட ஒழுங்கு மாறினால் கலங்கிவிடுவோர் உண்டு. பட்டாசால் பிழைக்கும் நம் மாவட்டத்தில், பிறர் ரசிக்கும் வெடிச்சத்தம் இவர்களில் பலருக்குத் தாங்கவொண்ணாத வேதனையாகும்.

துணை கிடைக்காத குடும்பங்கள் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று, அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் மடிந்தன. அவர்கள் மனநோயாளிகள், ஆட்டிசம் வேறு, மனநோய் வேறு. எனினும், வீட்டில் வைத்துப் பார்க்க வழி தெரியாத குடும்பம், எங்கோ ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் நிலை இருவர்க்கும் பொதுவானதே.

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றும் உண்டு. 1943ஆம் ஆண்டு மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதியபோது, அவர் விவரித்த முதற் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். சிறுவயதில் ஒரு விடுதியில் சேர்க்கப்பட்டார். ஓராண்டளவில் பெற்றோரே அவரை மீட்டு வந்தனர். பின்னர் ஓர் உழவர் குடும்பத்தில் சில ஆண்டுகள் தங்கவைக்கப்பட்டார். எதையும் எண்ணுவதிலும் அளப்பதிலும் அவருக்கிருந்த ஓயாத ஆவலை அக்குடும்பத்தார் தடுக்கவில்லை. சோளக்கொல்லையை உழும்போது வரிசைகளை எண்ணச் செய்தனர். கிணற்றின் ஆழத்தை அளக்கச் செய்தனர். வளர்ந்தபின் அவர் கல்லூரிப் படிப்பை முடித்தார்; தம் ஊர் வங்கியில் பல்லாண்டுகள் பணிபுரிந்தார்; தாமே கார் ஓட்டினார்; தனியே வெளிநாடுகளுக்குப் பயணம் சென்றார். பெற்றோர் காலமான பின்னும் தம் வீட்டிலேயே வாழ்ந்து, 2023இல் தமது 89ஆம் வயதில் மறைந்தார். குடும்பத்தின் செல்வம் அவருக்கு உதவியது உண்மையே. ஆயினும், அவரை அவராகவே ஏற்றுக்கொண்டு காத்தது அவ்வூராரே.

ஆகவே, சுயவாழ்வு என்பது எவருடைய உதவியுமின்றி வாழ்வதன்று. நம்மில் யார் அவ்வாறு வாழ்கிறோம்? தனக்கு எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவு உறுதியாகக் கிடைக்க, மீதியைத் தானே செய்துகொள்வதே சுயவாழ்வு. ஒருவருக்குச் சம்பளப் பணத்தைக் கணக்கிட மட்டும் துணை வேண்டும். மற்றொருவருக்குக் குளிப்பதற்கும் உண்பதற்கும் ஒருவர் அருகிருக்க வேண்டும். சோறு வடிக்கவும், துணி துவைக்கவும், மதுரைப் பேருந்தில் ஏறிச் சரியான நிறுத்தத்தில் இறங்கவும் படிப்படியாகக் கற்பிக்கலாம். அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவதே பலருக்குப் பெருந்துணை. இப்பயிற்சியைப் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்னையில் 1993இல் தோன்றிய 'தி பேனியன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெயின்' என்னும் திட்டத்தை நடத்திவருகிறது. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்த மனநலம் குன்றியோர் சிலர் சேர்ந்து, ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டில், உதவியாளர் துணையோடு குடும்பம்போல் வாழ்கின்றனர். ஆட்டிசம் உடையோர்க்கும் இவ்வழி பொருந்தும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதன்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழு உண்டு. பதினெட்டு வயது நிறைந்தவருக்குத் தேவையிருப்பின், அக்குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். சொத்துப் பொறுப்பு பெற்ற பாதுகாவலர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கொடுமை செய்தாலோ புறக்கணித்தாலோ அவரை நீக்க வழியுண்டு. 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை உரிமையாகவே அறிவித்திருக்கிறது. அரசுப் பணியில் ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவினர்க்கு 1 விழுக்காடு ஒதுக்கியுள்ளது. இவற்றைப் பெற முதலில் தேவை மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும். விருதுநகரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

சகோதரர்களே, இனி நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மஹல்லாவில் இத்தகையோர் உள்ள வீடுகளை அறிந்து, அட்டை இல்லாதோர்க்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, உடன் சென்று வர இரு இளைஞர்களை நியமிப்போம். கூலி வேலையை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு மூன்று முறை அலைய ஏழைத் தாயால் இயலாது.

இரண்டாவது, பாகப்பிரிவினை ஜமாஅத் முன்னிலையில் நடக்கும்போது, இப்பிள்ளையின் பங்கு எங்கே என்று தவறாமல் கேட்போம். "அவனுக்கு என்ன தெரியும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்ச்சொல் போதாது. பங்கு எழுத்தில் வரட்டும். தேவையெனில் பாதுகாவலர் நியமனம் முறைப்படி நடக்கட்டும்.

மூன்றாவது, கடையோ, அச்சகமோ, நோட்டுப் புத்தகத் தொழிலோ நடத்தும் நம் வணிகர்கள், எண்ணுதல், அடுக்குதல், கட்டுதல் போன்ற ஒழுங்கான வேலையொன்றை ஒருவருக்கேனும் தந்து பார்க்கட்டும். அதற்கு இரக்கத் தொகை வேண்டாம், நியாயமான கூலி தரட்டும். வெடிமருந்து புழங்கும் இடம் இதற்கு உகந்ததன்று.

நான்காவது, அத்தாவும் அம்மாவும் முதுமையடைந்த வீடுகளுக்கு வாரம் ஒருமுறை இருவர் சென்று வரட்டும். இன்று பழகிய முகத்தையே அப்பிள்ளை நாளை நம்பும். ஜனாஸா நாளில் முதன்முதலாகப் போய் நின்றால் நாம் அவனுக்கு அந்நியரே.

பள்ளிவாசலில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டோ, முன்னும் பின்னும் அசைந்துகொண்டோ இருந்தால் அதட்டாதீர்கள். ஓர் ஓரத்தில் அவருக்கு அமைதியான இடம் கொடுங்கள். அவர் இந்த ஜமாஅத்தின் உறுப்பினர்.

பெற்றோரின் அந்தக் கேள்விக்கு, "இன்ஷா அல்லாஹ், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்வது எளிது. அதற்குரிய பெயர்ப்பட்டியலும் பொறுப்பாளர்களும் அடுத்த ஆண்டறிக்கையில் அச்சேறினால்தான் அச்சொல்லுக்கு மதிப்புண்டு.