முதுமையும் இசைமேடையும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் இசைப்புலவன் அல்லேன். தமிழ் பயின்று, அதனையே பிள்ளைகட்குப் பயிற்றி வாழ்பவன். ஆயினும் இசை கேட்பதில் வேட்கையுடையேன் என்பதை ஈண்டுள்ளார் பலர் அறிவர். இப்பொருளை இன்று யான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உளது. சென்ற செயற்குழுக் கூட்டத்தில் வரும் ஆண்டுவிழாவைப்பற்றி ஆராய்ந்தபொழுது, நம் மரபினராகிய முதிய வித்துவான் ஒருவரை அழைக்கவேண்டும் என்னும் பேச்சு எழுந்தது. அவர்க்கு அகவை 78. "அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திப் பணமுடிப்பு அளிப்போம், கச்சேரிக்கு இளைஞர் ஒருவரை வைத்துக்கொள்வோம்" என்று அன்பர் சிலர் கூறினர். அவர்கள் கூறியது அன்பினாலேயே என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முதியவர் இன்றும் நாடோறும் வைகறையில் பாடுகின்றார். பாடும் வலிமையும் உடையார். பாடவல்லாரைப் பாடவொட்டாது ஆடைபோர்த்தி அமர்த்துவது மரியாதையாகுமா என்பதே யான் உங்கள்முன் வைக்கும் வினா.

முதுமை இசைவாணரிடமிருந்து எவ்வெவற்றைப் பறித்துக்கொள்கின்றது என்பதை முதற்கண் மறையாது கூறிவிடுகின்றேன். மிடற்றின்கண் உள்ள குருத்தெலும்புகள் நாளடைவில் இறுகிக் கடினமாகின்றன. குரல்நாண்கள் சதை வற்றி மெலிகின்றன. அதனால் அவை ஒன்றோடொன்று செவ்வனே பொருந்தாமல், குரலோடு காற்றும் கலந்து வெளிப்படுகின்றது. மார்புக்கூடு விரிவது குறைதலின் ஒரு மூச்சில் பாடிய சங்கதிக்கு இரண்டு மூச்சு வேண்டியதாகின்றது. பெரும்பாலும் ஆடவர் குரல் மெலிந்து சிறிது மேலேறும்; பெண்டிர் குரல் தாழும். செவியோ, மிக உயர்ந்த நுண்ணொலிகளை முதலில் இழக்கின்றது. வீணையும் வயலினும் வாசிப்பார்க்கு விரற்கணுக்கள் இறுகும். நாதசுரம் ஊதுவார்க்குப் பல்லும் உதடும் மூச்சும் ஒருங்கே தளரும். இவற்றை இல்லையென்பார் முதியோரைப் புகழ்வதாக எண்ணி உண்மையை மறைப்பவராவர். பிறரைச் சொல்வானேன்? வகுப்பறையில் இருபது ஆண்டு உரத்துப் பேசிய என் மிடறே, ஐம்பதை எட்டுமுன் மாலைவேளையில் கம்மிவிடுகின்றது.

அங்ஙனமாயின், 90 அகவை கடந்தும் சிலர் மேடையேறிப் பாடியது எவ்வாறு? அதிலும், கேட்டார் இரக்கத்தால் அன்றி இன்பத்தால் தலையசைக்குமாறு பாடியது எவ்வாறு?

செம்மங்குடி சீனிவாசையரை எடுத்துக்கொள்வோம். அவர் 1908-ஆம் ஆண்டு திருக்கோடிகாவலில் பிறந்தார். 2003-ஆம் ஆண்டு தம் 95-ஆம் அகவையில் மறைந்தார். வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் இவர்க்கு அம்மான். மகாராஜபுரம் விசுவநாதையரிடத்தும் பிறரிடத்தும் பயின்றார். 1947-இல், தம் 39-ஆம் அகவையில், சங்கீத கலாநிதி என்னும் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் அமைந்த இசைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பைப் பல்லாண்டு தாங்கினார். இவையெல்லாம் நீங்கள் அறிந்தனவே. யான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அவர்க்கு இயற்கை அளித்தது தேனொழுகும் சாரீரம் அன்று. இளமையிலேயே அது சற்றுக் கரகரப்பும் மூக்கொலியும் உடையது. அக்குரலை வைத்துக்கொண்டு எங்ஙனம் பாடுவது, எவ்விடத்தில் அழுத்துவது, எவ்விடத்தில் விடுவது என்பதை அவர் இருபது அகவை முதற்கொண்டே ஆராய நேர்ந்தது. இனிய சாரீரம் உடையார் பலர் அறுபதில் முதன்முதலாக எதிர்ப்படும் இடரை, அவர் தம் இளமையிலேயே எதிர்ப்பட்டு வென்றுவிட்டார். ஆகவே முதுமை வந்தபொழுது அஃது அவர்க்குப் புதிய பகையன்று, பழகிய பகையே.

அவர்தம் நடுவயதுப் பதிவுகளையும் முதுமைக்காலத்துப் பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பார்க்கு இவ்வுண்மை விளங்கும். மேல்ஸ்தாயியில் நெடிது நின்று முழங்கும் இடங்கள் பின்னவற்றில் குறைந்துள்ளன. நீண்ட பிடிகள் சிறுசிறு பிடிகளாக உடைந்துள்ளன. ஆனால் கரகரப்பிரியா தொடங்கினால் இரண்டு சுரங்களுக்குள் அது கரகரப்பிரியாவாக நின்றுவிடும். இராகத்தின் உருவம் கமகத்தில் இருக்கின்றதேயன்றிக் குரலின் பருமையில் இல்லை என்பதை அப்பதிவுகள் மெய்ப்பிக்கின்றன. எழுத்தின் ஒலி மெலிந்தாலும் மாத்திரை பிறழாதவரையில் செய்யுள் ஓசை கெடுவதில்லை. யாப்பு அறிந்தார்க்கு இது புதுமையன்று.

கன்னட நாட்டு இசைவாணர் ஆர். கே. ஸ்ரீகண்டன் மற்றொரு வகையினர். அவர் 1920-இல் ருத்ரபட்டணத்தில் பிறந்து 2014-இல் மறைந்தார். அவரும் 90 கடந்து கச்சேரி செய்தவர். முன்னவர்போலக் குறையுள்ள குரலை அறிவால் ஆண்டவர் அல்லர் இவர். நல்ல குரலைச் சிதையாது காத்தவர். சொற்களைத் தெளிவாக உரைப்பதிலும், பாடாந்தரத்தினின்று வழுவாமையிலும் இவர் மிக்க கண்டிப்புடையார். ஒருவர் தம் இளமையில் வித்தைகாட்டக் குரலை வருத்தாதிருப்பாராயின், அக்குரல் முதுமையில் அவர்க்கு நன்றி பாராட்டும்போலும்.

இனி, முதியோர் கையாளும் உபாயங்கள் யாவை? நம் வித்துவான்கள் இவற்றைப்பற்றி வாய்திறந்து பேசுவது அரிது. மேனாட்டார் ஒருவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றார். போலந்து நாட்டில் 1887-இல் பிறந்த ஆர்தர் ரூபின்ஸ்டைன் என்னும் பியானோ மேதை, கண்பார்வை மங்கிய நிலையில், 1976-இல் லண்டன் மாநகரில் தம் இறுதிக் கச்சேரியை நிகழ்த்தினார். அப்பொழுது அவர்க்கு அகவை 89. எண்பதில் இருந்தபொழுது, "எங்ஙனம் இன்னும் இவ்வாறு வாசிக்கின்றீர்?" என்று வினவினார்க்கு அவர் மூன்று செய்திகளை விடையாகக் கூறினர் என்று ஜெர்மானிய உளநூலறிஞர் பால் பால்டெஸ் எடுத்துரைப்பார். முன்னிலும் குறைந்த உருப்படிகளையே வாசிப்பதாகவும், அவற்றை முன்னிலும் மிகுதியாகச் சாதகம் செய்வதாகவும், விரைந்து செல்லவேண்டிய இடம் வருமுன் வேகத்தைத் தணித்துக்கொள்வதாகவும் அவர் கூறினராம். முன் தணிந்தமையால் பின்வரும் நடை, உண்மையில் இருப்பதைவிட விரைவாகத் தோன்றுமன்றோ?

இம்மூன்றாவதை யான் மிகவும் வியக்கின்றேன். இதனை ஏமாற்று என்பாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். வேகம் என்பது கேட்போர் உள்ளத்தே தோன்றுவது. நம் கச்சேரிகளிலும் இதனை நீங்கள் காணலாம். ஒன்றரைக் கட்டையில் பாடிவந்தவர் ஒரு கட்டைக்குச் சுருதியை இறக்கிக்கொள்வார். இளமையில் பிருகாக்களை மழைபோற் பொழிந்தவர், ஒரு சுரத்தில் நின்று, நிறுத்தி, மௌனத்துக்கு இடங்கொடுத்து, பின்னர் ஒரேயொரு பிருகாவை உதிர்ப்பார். அந்த ஒன்று நூறாக விளங்கும். மேல்ஷட்ஜம் எட்டாதவிடத்து அதனை எட்டுவதுபோல அணுகி, அவ்விடத்தை வயலினுக்கு விட்டுவிடுவார்.

உபாயங்கள் மட்டும் போதா, சாதகம் வேண்டும். பெர்லின் நகரில் கிராம்பே, எரிக்சன் என்னும் இருவர் செய்து 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஈண்டுக் குறிக்கத்தக்கது. அவர்கள் இளம் பியானோ வல்லுநரையும், அறுபதை ஒட்டிய வல்லுநரையும், பொழுதுபோக்காக வாசிக்கும் இருபருவத்தாரையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். பொதுவான சுறுசுறுப்பில் முதிய வல்லுநரும் ஏனைய முதியோரைப்போலவே தளர்ந்திருந்தனர். ஆனால் பியானோவின்மேல் விரல் ஓட்டுவதில் அத்தளர்ச்சி மிகக் குறைவு. யாருக்குக் குறைவெனின், அண்மை ஆண்டுகளிலும் சாதகத்தைக் கைவிடாதவர்க்கே. இளமையில் சேர்த்த பொருளை முதுமையில் வட்டியாக உண்ணலாம் என்பது கலைத்துறையில் செல்லாது. நம் முதியவர் வைகறையில் தம்பூராவை மீட்டுகின்றார் என்று முன்னர்க் கூறினேன். அவரைப் பாட அழைக்கலாம் என்னும் என் துணிவுக்கு அதுவே பெருஞ்சான்று.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. வீணை தனம்மாள் 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்ந்த இசை, வித்துவான்களும் தேடிச்சென்று கேட்டது. பின்னாளில் அவர் கண்பார்வை இழந்தார். அவர் வாசிப்பு மிக மென்மையானது. தந்தி பேசுவதும் அவர் மெல்லப் பாடுவதும் கூர்ந்து கேட்டாலன்றிக் கேளா. அங்கே வந்தார் அனைவரும் வாய்பேசாது அமர்ந்திருந்தனர். அம்மாதரார்க்கு வேண்டியிருந்தது பெரிய மண்டபம் அன்று, அந்த மௌனமே. நம் விழாக்களின் நிலை யாது? ஒருபுறம் விருந்து, ஒருபுறம் பிள்ளைகளின் ஓட்டம், நடுவே செயலாளர் அறிவிப்பு. இத்தகைய சந்தையில் இருபது அகவை இளைஞனே குரலெடுக்கத் திணறுவான். அங்கே முதியவரை அமர்த்திவிட்டுக் "குரல் போய்விட்டது" என்று கூறுவது நேர்மையன்று.

ஒலிபெருக்கி வருமுன் பின்வரிசை வரையில் எட்டவேண்டிப் பாடகர் உச்சச் சுருதியில் பாட நேர்ந்தது. இன்று அந்நெருக்கடி இல்லை. ஆயினும் நம் ஊர்களில் ஒலிபெருக்கி வைப்பார் அதனைச் செவி பிளக்கத் திருகிவைக்கின்றனர். மென்குரலின் நுணுக்கங்கள் அவ்விரைச்சலில் மாய்கின்றன. இதனைச் சொல்லிச் சொல்லி என் வாயும் ஓய்ந்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. "மேடையில் மறந்துவிட்டால்? சுருதி விலகினால்? பெரியவர்க்கு அன்றோ அவமானம்?" என்று அன்பர் ஒருவர் என்னைத் தனியே வினவினார். நியாயமான கேள்வி. எல்லா முதியோரும் பாடவேண்டும் என்று யான் கூறவில்லை. நிறுத்துவதும் ஒரு பெருமையே. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார், தம் கணவர் சதாசிவம் 1997-இல் மறைந்தபின் பொதுமேடையில் பாடுவதை விட்டுவிட்டார். அதன்பின் ஏழாண்டு வாழ்ந்து 2004-இல் மறைந்தார். அம்முடிவு அவருடையது. மற்றொரு பியானோ மேதையாகிய ஹோர்ஸோவ்ஸ்கி என்பார், 1991-இல் தம் 99-ஆம் அகவையில் பிலடெல்பியாவில் மேடையேறி வாசித்தார். அதுவும் அவருடைய முடிவே. நிறுத்துவதோ தொடர்வதோ, அதனை உறுதிசெய்ய வேண்டியவர் பாடுபவர். நாம் பொன்னாடையை முந்திக்கொண்டு நீட்டுவோமாயின், அவர் கேளாமலேயே "ஓய்வுகொள்ளும்" என்று ஆணையிட்டவராகின்றோம். முதியவர் அதனைப் புரிந்துகொள்ளாதவர் அல்லர். புன்னகையோடு ஏற்பார், இல்லம் சென்று அதனை மடித்துவைப்பார், மறுநாள் வைகறையில் தம்பூராவைத் தொட அவர்க்குக் கை எழுமோ என்பதை எண்ணிப் பார்மின்.

மறதிக்கு அஞ்சவேண்டுவதும் இல்லை. பின்னே இரண்டு மாணவர் அமர்ந்து உடன்பாடுவது நம் கச்சேரிமரபில் என்றும் உள்ளது. ஆசிரியர் மூச்சு வாங்குமிடத்து மாணவர் எடுத்துச் செல்வர். அடி மறந்தவிடத்து மெல்ல எடுத்துக்கொடுப்பர். அவ்வாறு அமர்ந்த மாணவர், தனியே பாடம் கேட்டு அறியாத பலவற்றை அம்மேடையிலேயே அறிவர். நம் மரபுப் பிள்ளைகளுள் இசை பயில்வார் இன்று மிகச் சிலர். அவருள் இருவரையேனும் அப்பெரியவரின் பின்னே அமர்த்துதல் நன்று. அவர் அறிந்த உருப்படிகளுள் சில வேறெவரிடத்தும் இல்லை என்று கேள்வியுறுகின்றேன். அவை ஏட்டில் இல்லை. அவர் மிடற்றிலேயே உள்ளன.

ஆதலின் செயற்குழுவினர்க்கு யான் விண்ணப்பித்துக்கொள்வது இதுவே. முதற்கண் இருவர் சென்று அப்பெரியவரை நேரிற் கண்டு, பாடுவதற்கு அவர்க்கு விருப்பமா என்று கேட்டல் வேண்டும். விருப்பமாயின், இரவு விருந்துக்குப் பின் அன்று, மாலை ஐந்தரை மணிக்கே கச்சேரியைத் தொடங்கி, ஒன்றரை மணியில் முடித்தல் வேண்டும். எத்தனை உருப்படி, எந்தச் சுருதி, பக்கவாத்தியம் எவர் என்பவற்றை அவரே குறிப்பாராக. இளைஞர்க்கு உரைத்த ஊதியத்தில் ஒரு காசும் குறையாமல், தாம்பூலத்தோடு முன்னரே அளித்தல் வேண்டும். அதனை நன்கொடை என்று மேடையில் அறிவித்தல் ஆகாது. அந்த ஒன்றரை மணிநேரம் பந்தி, பரிசளிப்பு, அறிவிப்பு ஒன்றும் கூடா. பொன்னாடையும் இருக்கட்டும்; அதனைக் கச்சேரி முடிந்தபின் போர்த்தலாம். ஒலிபெருக்கிக்காரரிடம் பேசும் பொறுப்பை யானே ஏற்றுக்கொள்கின்றேன்.