மேட்ச் இருக்கிற நாளில் வீடு போய்ச் சேர்வது எப்படி?

(குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கான இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால், அதற்கு முன்பே சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிடும். எந்தச் சாலை ஒருவழி, எந்தச் சந்திப்பில் நுழையக் கூடாது, பாஸ் வைத்திருப்பவர்கள் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். டிக்கெட் வாங்கினவங்க அதை வரி விடாமல் படிப்பாங்க. ஆனா சேப்பாக்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருக்கிறவங்க? "நம்ம ஏரியாதானே, நமக்குத் தெரியாத வழியா" என்று விட்டுடுவாங்க. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து திரும்பும்போது தெருமுனையில் தடுப்பு நிற்கும். இன்றைக்கு நான் பேசப்போறது அந்த இரண்டாவது வகை ஆட்களுக்காக. மேட்ச் பார்க்கப் போகாத, ஆனா மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கிற உங்களுக்காக.

முதல் விஷயம், இது திடீர்னு வர்ற பிரச்சினை இல்லை. லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம், அதில் 7 சொந்த ஊரில். அட்டவணை சீசன் தொடங்கும் முன்பே வந்துவிடும். அதாவது இரண்டு மாதத்தில் எந்த ஏழு நாள் உங்க தெரு மாறப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியும். போனை எடுத்து காலண்டரில் அந்த ஏழு தேதியையும் போட்டுடுங்க, முந்தின நாள் காலையில் நினைவூட்டல் வர்ற மாதிரி. கிரிக்கெட் பிடிக்காதவங்க வீட்டில்கூட இது இருக்கணும், அவங்களுக்குத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. தேதி மாறவும் செய்யலாம். 2025 மே மாதம் போட்டித் தொடர் ஒரு வாரத்துக்கும் மேல் நிறுத்தப்பட்டு அட்டவணையே மாறியது நினைவிருக்கும். அதனால நினைவூட்டல் வந்ததும் அன்றைய அறிவிப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கணும். போக்குவரத்துக் காவல்துறையின் எக்ஸ், ஃபேஸ்புக் பக்கங்களில் வந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் வர்றதை மட்டும் நம்பாதீங்க. போன வருஷ அறிவிப்பு அப்படியே சுத்திக்கிட்டிருக்கும். மேலே தேதி என்ன போட்டிருக்குன்னு பார்த்த பிறகுதான் அடுத்தவருக்கு அனுப்பணும்.

அறிவிப்பைப் படிக்கும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும், பெயர்ச் சிக்கல். அறிவிப்பில் பாரதி சாலை என்று இருக்கும், பாட்டி அதை பைக்ராஃப்ட்ஸ் ரோடு என்பார். காமராஜர் சாலை நமக்கு பீச் ரோடு. பெல்ஸ் ரோட்டுக்கு பாபு ஜெகஜீவன்ராம் பெயர் வைத்து எத்தனையோ காலம் ஆச்சு, ஆட்டோ அண்ணனிடம் அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் பெரியவங்களுக்கு அறிவிப்பைச் சொல்லும்போது அவங்க புழங்குற பெயரில் சொல்லுங்க. இல்லைன்னா "அது நம்ம ரோடு இல்லையே" என்று நிம்மதியா உட்கார்ந்திருப்பாங்க.

பெல்ஸ் சாலையையே எடுத்துக்குவோம். ஆட்ட நாட்களில் அதைத் தற்காலிகமாக ஒருவழி ஆக்குவது வழக்கம். பாரதி சாலைப் பக்கமிருந்து நுழையலாம், வாலாஜா சாலைப் பக்கமிருந்து நுழைய முடியாது என்று வரும். டிக்கெட் வைத்திருப்பவருக்கு இது பார்க்கிங் சம்பந்தப்பட்ட தகவல். உங்களுக்கோ வேற அர்த்தம். அண்ணா சாலையிலிருந்து வாலாஜா சாலை வழியாக வீட்டுக்கு வர்ற பழக்கம் அன்றைக்குச் செல்லாது, பாரதி சாலையைச் சுற்றித்தான் வரணும். ஆக அறிவிப்பில் நீங்க தேட வேண்டியது மூடுற சாலையின் பெயரை இல்லை, எந்த முனையிலிருந்து நுழையலாம் என்பதை. அந்த முனையின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்க. எதுக்குன்னு கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

அடுத்து நேரம். மைதானத்தில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். இரவு ஆட்டம் 7.30 மணிக்குத் தொடங்கும். கூட்டம் நாலரை, ஐந்து மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வரும், அதனால ஓரளவு தாங்கும். முடிஞ்சு வெளியே வரும்போது கதையே வேற. பதினொரு மணியை ஒட்டி எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவாங்க. கடைசி ஓவர் வரை போன ஆட்டம் என்றால் ஒருத்தர்கூட முன்னாடியே கிளம்பியிருக்க மாட்டார். மழை வந்து ஆட்டம் தாமதமானால் நள்ளிரவும் தாண்டும். சாயங்காலத்துக்குத் தயாரா இருக்கிறவங்க பல பேர் ராத்திரியைக் கணக்கில் எடுக்கிறதில்லை. எழும்பூரிலோ சென்ட்ரலிலோ ராத்திரி ரயில் பிடிக்கணும்னா இரண்டாவது இன்னிங்ஸ் முடியிறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. ஊரிலிருந்து உங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கும் இதைச் சொல்லி வையுங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, ரமலான் மாதம். அன்றைக்குத்தான் சேப்பாக்கத்தில் சென்னை–பெங்களூரு ஆட்டம். (2008-க்குப் பிறகு முதல் முறையாகப் பெங்களூரு இங்கே சென்னையை ஜெயிச்சது அன்றைக்கு. அந்தச் சோகத்தை விடுவோம்.) திருவல்லிக்கேணியில் நோன்பு திறக்க வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் போற நேரமும், ரசிகர் கூட்டம் வந்து இறங்குற நேரமும் ஒன்றுதான். சித்திரையில் பார்த்தசாரதி கோயில் பிரம்மோற்சவமும் இதே சீசனுக்குள் வரும். பேட்டையின் சொந்த நாட்காட்டி ஐபிஎல் அட்டவணையில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது அங்கே வாழ்கிற நாமதான். இரண்டும் மோதுற நாள் தெரிந்தால், சங்கத்தின் சார்பில் ஒரு வாரம் முன்னாடியே காவல் நிலையத்தில் எழுத்தில் சொல்லலாம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஒரு மணி நேரம் தாமதமாக வீடு போறது எரிச்சல்தான், அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்க முடியாதவங்க நம்ம தெருவில் சில பேர் இருக்காங்க.

டயாலிசிஸ் செய்துகொள்பவரை நினைச்சுப் பாருங்க. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம். இன்னைக்கு வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. சாயங்கால ஷிஃப்டில் இருப்பவர் என்றால், ஆட்ட நாளில் போகும்போது வர்ற கூட்டம், சோர்ந்து திரும்பும்போது கலையிற கூட்டம், இரண்டிலும் மாட்டுவார். அந்த ஏழு தேதியையும் டயாலிசிஸ் மையத்தில் முன்கூட்டியே காட்டி, அன்றைக்கு மட்டும் காலை ஷிஃப்ட் கிடைக்குமான்னு கேளுங்க. ஒரு வாரம் முன்னாடி கேட்டால் மாற்றித் தர வாய்ப்பு அதிகம், அன்றைக்குக் காலையில் போய்க் கேட்டால் கஷ்டம்.

அடுத்து, மாசம் நிறைஞ்ச கர்ப்பிணிகள். கஸ்தூரிபா காந்தி அரசு மகளிர் மருத்துவமனை, நம்ம ஊர் வழக்கில் கோஷா ஆஸ்பத்திரி, மைதானத்துக்குப் பக்கத்திலேயேதான் இருக்கு. அங்கே பிரசவத்துக்குப் பதிவு செய்தவங்க திருவல்லிக்கேணிக்காரங்க மட்டும் இல்லை, தூரத்திலிருந்தும் வருவாங்க. ஆஸ்பத்திரி இருக்கிற வட்டாரமே ஆட்ட நாளில் மாறிடும் என்பது அவங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். உங்க சொந்தத்தில் அப்படி யாராவது இருந்தா போன் போட்டுச் சொல்லுங்க. டாக்டர் சொன்ன தேதியை ஒட்டி ஆட்டம் வந்தால், "அன்றைக்கு மதியமே வந்துடலாமா?" என்று அடுத்த பரிசோதனையிலேயே கேட்டுடணும். பிக்மி எண், ஸ்கேன் அறிக்கை, ஆதார் மூன்றையும் போட்டோ எடுத்து, கூட வர்றவங்க போனிலும் வைத்திருங்க. வலி வந்த நேரத்தில் பையில் தேடிக்கிட்டிருக்க முடியாது.

இப்போ அந்த ஃபிரிட்ஜ் தாள். 108-ஐ அழைக்கும்போது பதற்றத்தில் நாம முகவரியைத்தான் சொல்வோம். ஆட்ட நாளில் முகவரி போதாது. "இந்தச் சந்திப்பு வழியா வாங்க, அந்தப் பக்கம் அடைச்சிருக்கு" என்ற ஒரு வாக்கியம் சேரணும். அதுக்குத்தான் முனையின் பெயர் கண்ணில் படுற இடத்தில் இருக்கணும்னு சொன்னேன். போன் பேசி முடித்ததும் வீட்டிலிருந்து ஒருத்தர் அந்த முனைக்கு ஓடி, அங்கே பணியில் இருக்கிற காவலரிடம் "ஐயா, ஆம்புலன்ஸ் வருது, இந்தத் தெருவுக்கு" என்று சொல்லி நிற்கணும். தடுப்பை நகர்த்தி வழிவிடக்கூடியவர் அவர்தான். எந்தத் தெருவுக்குள் விடணும் என்பது அவருக்கு நீங்க சொன்னால்தான் தெரியும். தனியாக இருக்கிற பெரியவங்க வீட்டுக்கு யார் ஓடுறதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடியே பேசி வையுங்க. அந்தப் பிள்ளை மேட்ச் பார்க்கப் போயிருந்தால் மாற்று ஆள் யார் என்பதையும் சேர்த்து.

கூட்டத்தில் வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அவசர ஊர்திக்கு வழிவிடாமல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. மேட்ச் முடிஞ்ச நெரிசல் என்பது அதுக்கு விலக்கு இல்லை.

"சொந்தத் தெருவுக்குள்ளேயே என்னை விடலைன்னா?" என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். அறிவிப்பில் குடியிருப்போர் பற்றித் தனியா ஏதாவது வரி இருக்கான்னு முதலில் பாருங்க. இருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. இல்லைன்னா முந்தின நாளே காவல் நிலையத்தில் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. முகவரி ஆதாரம் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். டிஜிலாக்கரில் ஆதார் இருந்தால் போனிலேயே காட்டலாம். ஆனா நம்ம பேட்டையில் மேன்ஷனில் தங்கியிருக்கிற தம்பிகளும் வாடகைக்கு இருக்கிறவங்களும் ஏராளம், ஆதாரில் சொந்த ஊர் முகவரிதான் இருக்கும். அவங்க வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, மேன்ஷன் ரசீது, இதில் ஏதாவது ஒன்றை போட்டோ எடுத்து வைக்கலாம். என் தனிப்பட்ட கருத்து ஒன்று: இப்படிப்பட்ட அறிவிப்புகளில் குடியிருப்போருக்கான பத்தி முதல் பத்தியாக இருக்கணும். கேட்டால்தான் வரும், அதனால சங்கங்கள் எழுதிக் கேளுங்க.

கால்டாக்ஸி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அனுபவம் இருக்கும். ஓட்டுநர் "மேடம், ரோடு பிளாக், கேன்சல் பண்ணிடுங்க" என்பார். அவரைக் கோவிச்சுப் பிரயோஜனம் இல்லை. வரைபடச் செயலியில் தற்காலிகத் தடுப்பு சில நேரம் தாமதமாகத்தான் தெரியும். வண்டியை வீட்டு வாசலுக்கு அழைக்காமல், தடுப்புக்கு வெளியே ஓர் இடத்தைப் புள்ளி வைத்து அழைத்து, அதுவரை நடந்து போயிடுங்க. பறக்கும் ரயிலில் வர்றவங்க சேப்பாக்கத்தை விட்டுட்டு, அடுத்த நிலையமான திருவல்லிக்கேணியில் இறங்கினால் நெரிசல் குறையும். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், முக்கியமா இன்சுலின் மாதிரி மருந்து, இதையெல்லாம் முந்தின நாளே வாங்கி வைத்துடுங்க. வெளியாள் யாராவது உங்க வாசலை மறிச்சு வண்டி நிறுத்திட்டுப் போயிட்டால், அவரோடு சண்டைக்கு நிற்காமல் வண்டி எண் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, போக்குவரத்துக் காவல் உதவி எண் 103-ஐ அழையுங்க.

கிரிக்கெட் மட்டும் இல்லை. மாரத்தான் என்றால் விடியற்காலையிலேயே தொடங்கி, ஓட்டக்காரர்கள் கடந்து போகப் போக சாலை திறக்கும். பால் வாங்கப் போறவங்களும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போறவங்களும்தான் அதில் கவனிக்கணும். தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் முற்றிலும் வேற மாதிரி. அங்கே சுமார் 3.5 கிலோமீட்டர் சாலையே பந்தயத் தடம். போட்டி நடக்கும் சாலையில் காவலரிடம் கேட்டு ஒரு வண்டி உள்ளே போக வழியே இல்லை. அது முதலில் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அப்படிப்பட்ட நிகழ்ச்சி என்றால் தடுப்புகள் போட்டிக்குச் சில நாள் முன்பே வந்துவிடும், எடுக்கவும் நேரமாகும். போட்டித் தேதியை மட்டும் குறித்துவைத்தால் போதாது.

மறுநாள் காலையில் தெருவைப் பாருங்க. தண்ணீர் பாட்டில், கிழிஞ்ச கொடி, சாப்பாட்டுப் பொட்டலம். குப்பை அள்ளாமல் கிடந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம். சந்துக்குள் தடுப்புக் கம்பி ஏதாவது எடுக்காமல் விட்டிருந்தால், ராத்திரி அதில் யாராவது மோதி விழும் முன்னாடி காவல் நிலையத்துக்கு ஒரு போன். அப்படியே காலண்டரில் அடுத்த தேதி எதுன்னும் பார்த்துடுங்க.

கேள்விகள் இருந்தா கேளுங்க.