மாறுவேடத்தில் வரும் பாட்டு

தம்புள்ளைக் குன்றின் குகைகளில் ஒரு காலத்தில் ஓர் அரசன் முடியிழந்து மறைந்து வாழ்ந்தான் என்பது மரபு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஆட்சியைப் பறிகொடுத்த வலகம்பா மன்னன் அங்கே புகலிடம் பெற்றான். அரியணையை மீட்ட பின்னர் அக்குகைகளைக் கோயிலாக்கினான். முடி தரித்தவனுக்குச் செய்யும் மரியாதை பதவிக்கு உரியது. முடியிழந்தவனுக்கு அளிக்கும் அடைக்கலமோ மனிதனுக்கு உரியது. ஆகவேதான் மாறுவேடக் கதைகள் எந்நாட்டிலும் மக்கள் மனத்தைக் கவர்கின்றன.

தமிழ் மரபில் இத்தகைய கதைகளுள் சிறந்தது விறகு விற்ற திருவிளையாடல். வரகுண பாண்டியன் காலத்தில் வடநாட்டிலிருந்து மதுரைக்கு வந்த ஏமநாதன் என்னும் இசைவாணனை எதிர்த்துப் பாடவேண்டிய பாணபத்திரன் கலங்கி நின்றான். அப்போது சோமசுந்தரக் கடவுள் விறகு விற்கும் முதியவராகி, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண் பாடினார். யார் என்று வினவியபோது, பாணபத்திரனால் தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்டவன் என்று விடை கூறினார். தள்ளப்பட்டவனே இவ்வாறு பாடினால் ஆசானின் பாட்டு எத்தகையதோ என அஞ்சிய ஏமநாதன், இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடினான். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக இக்கதையை அறிந்த நேயர்கள் பலர்.

புகழ்மிக்கவர் உருமாறி வருதல், கலையால் வழிப்போக்கரை நிறுத்துதல், அதன் பயனாக வேறொரு பெயர் உயர்தல் ஆகிய மூன்றும் இக்கதையில் உள்ளன. இன்று கைத்தொலைபேசிகளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் விளம்பரக் காணொளிகளின் இலக்கணமும் ஏறத்தாழ இதுவே.

2015ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரப் பொதுச் சதுக்கத்தில், தாடியும் பொய்ம்முடியும் அணிந்த ஒருவர் பந்தைத் தட்டி வித்தை காட்டிக்கொண்டிருந்தார். பெரும்பாலோர் திரும்பியும் பாராமல் சென்றனர். ஒரு சிறுவன் அவருடன் விளையாட முன்வந்தான். பந்தில் கையொப்பமிட்டு அச்சிறுவனிடம் கொடுத்து, வேடத்தைக் களைந்தபோது, அவர் உலகப் புகழ்பெற்ற காற்பந்தாட்ட வீரர் ரொனால்டோ என்பது தெரிந்தது. அடுத்த கணமே சதுக்கம் மக்கள் வெள்ளமாயிற்று. அக்காட்சி இசை கேட்க உதவும் ஹெட்போன் ஒன்றின் விளம்பரத்திற்காகப் படமாக்கப்பட்டதாகும்.

2016ஆம் ஆண்டில் பின்னணிப் பாடகர் சோனு நிகாம், முதிய ஏழைப் பாடகராக வேடமிட்டு மும்பைத் தெருவோரத்தில் ஹார்மோனியத்துடன் அமர்ந்து பாடினார். காணொளி நிறுவனம் ஒன்று அதனைப் படம்பிடித்தது. கேட்டு நின்ற இளைஞர் ஒருவர், அவர் உண்டாரா என்று பரிவுடன் வினவி, பிறர் அறியாமல் 12 ரூபாயை அவர் கையில் வைத்தார். அந்தச் சிறு தொகையைத் தாம் மிகப் பெரிதாக மதிப்பதாகப் பாடகர் பின்னர் கூறினார்.

விளம்பர நோக்கமின்றிச் செய்யப்பட்ட சோதனையும் உண்டு. 2007 ஜனவரி 12 அன்று வயலின் மேதை ஜோசுவா பெல், வாஷிங்டன் நகர ரயில் நிலையம் ஒன்றில் சாதாரண உடையில் 43 நிமிடங்கள் வாசித்தார். கையிலிருந்தது 1713இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடந்து சென்றனர். நின்று கேட்டவர் எழுவரே. இச்சோதனையை நடத்தியது வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை. பெயர்ப்பலகை இல்லாதபோது கலை தன்னந்தனியாக எவ்வளவு தொலைவு நடக்கும் என்பதை அது காட்டிற்று.

விளம்பரக்காரர் இந்த உண்மையையே தம் முதலாக்கிக்கொண்டனர். இசைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆகவே காணொளி நாடு கடந்து செல்கிறது. வேடம் எப்போது களையும் என்ற ஆவல் பார்ப்பவரை இறுதிவரை இருத்துகிறது. மனம் நெகிழ்ந்திருக்கும் அவ்வேளையில் நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றுகிறது. நெகிழ்ச்சி பாட்டினாலும் பரிவினாலும் விளைந்தது. அதன் பயனோ பெயருக்குச் சேர்கிறது.

இசையைக் கொண்டு பொருள் விற்பது இலங்கைக்குப் புதிதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952 முதல் அமீன் சயானியின் குரலில் இந்தியா முழுதும் கேட்கப்பட்ட 'பினாகா கீத்மாலா' ஒரு பற்பசையின் பெயரையே தாங்கி நின்றது. யாருடைய பணத்தில் பாட்டு ஒலிக்கிறது என்பது முதற் சொல்லிலேயே நேயருக்குத் தெரிந்துவிடும். இலங்கையின் தெருக்களில் வரும் பாண் விற்கும் முச்சக்கர வண்டியும் பேத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டே வருகிறது. மெட்டு கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவர். வருவது பாண் வண்டி என்பதில் ஐயமில்லை. அங்கே இசை எதையும் மறைப்பதில்லை.

மாறுவேடக் காணொளியின் நிலை வேறு. அதில் பிரபலமானவர் தாம் நடிப்பதை அறிவார், படம்பிடிப்பவரும் அறிவர். அறியாதவர் வழிப்போக்கர் ஒருவரே. ஆயினும் அந்த நாடகத்துக்கு உயிர் கொடுப்பவர் அவர்தாம். அந்த இளைஞரின் 12 ரூபாய் இல்லையேல் மும்பைக் காட்சிக்குப் பொருளே இல்லை. திரும்பிப் பாராமல் சென்றவரும் அவ்வாறே பயன்படுகிறார். அவர் மருத்துவமனைக்கு விரைந்திருக்கலாம்; வேலைக்கு நேரமாகியிருக்கலாம். உலகமோ அவரைக் கல்நெஞ்சர் எனக் கருதிவிடும். ஆகவே படத்தை வெளியிடுமுன் அவரது சம்மதத்தைக் கேட்பதும், விருப்பமில்லையேல் அவர் முகத்தை நீக்குவதும், ஈட்டிய பொருளில் அவருக்கும் பங்களிப்பதும் நிறுவனங்களின் கடமையன்றோ?

தம்புள்ளையில் 1999இல் தொடங்கிய விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் நாடெங்குமிருந்து மரக்கறி வந்து குவிகிறது. அங்கே வாங்க வருபவர் வெங்காயத்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கிறார். பூசணியைத் தட்டிப் பார்க்கிறார். விளைவித்தவரின் பெயரை அவர் கேட்பதில்லை. பொருளே தன் தரத்தைச் சொல்கிறது. பாட்டையும் அவ்வாறே செவியால் தட்டிப் பார்க்கப் பழகியவரிடம் மாறுவேடம் செல்லாது. பாடுபவர் யாராயினும் நல்ல பாட்டுக்கு அவர் நிற்பார். திண்ணையில் பாடிய விறகு விற்பவரின் பெயர் ஏமநாதனுக்கு இறுதிவரை தெரியவில்லை. ஆனால் பாட்டின் தரம் முதலிலேயே தெரிந்துவிட்டது.